சொத்துப் பாதுகாவலர் பொறுப்பு முடிவுக்கு வரும் விதம்

வயதுவந்த ஒருவரால் தமது சொத்தை நிர்வகிக்க இயலாது என நீதிமன்றம் கருதினால், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் அவருக்குப் பாதுகாவலர் நியமிக்கப்படலாம். பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் தந்தை 2008 பிப்ரவரியில் இப்பொறுப்பைப் பெற்றார். தற்காலிகமாகத் தொடங்கிய ஏற்பாடு 13 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. அந்த ஆண்டுகளிலும் மகள் மேடையேறிப் பெருந்தொகை ஈட்டிவந்தார் என்பதுதான் விநோதம்.

2021 ஜூன் 23ஆம் தேதி அவரே நீதிமன்றத்தில் முறையிட்டார். செப்டம்பரில் தந்தை இடைநிறுத்தப்பட்டார். நவம்பர் 12ஆம் தேதி, புதிய மனநல மதிப்பீடு ஏதுமின்றி, நீதிபதி பிரெண்டா பென்னி ஏற்பாட்டையே முடிவுக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் உத்தரவோடு கணக்கு முடிவதில்லை. பாதுகாவலர் இறுதிக் கணக்கைச் சமர்ப்பித்து, நீதிமன்றம் அதை ஏற்ற பின்னரே முழுமையாக விடுவிக்கப்படுவார். இவ்வழக்கில் வழக்கறிஞர் கட்டணத் தகராறு 2024 ஏப்ரலில்தான் சமரசத்தில் முடிந்தது.