ஒரே ஒரு மின்தேக்கி

வெளிநாட்டில் ஆய்வுப் பட்டம் பெற்று ஊர் திரும்புகிறவருக்கு அங்கே என்ன காத்திருக்கும்? 1980களில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் பிளாஸ்மா ஆய்வாளர் பலருக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு வெற்று அறைதான் காத்திருந்தது. கருவி இல்லை, வாங்கப் பணமும் இல்லை. கற்ற கல்வி துருப்பிடித்தது.

இதற்கு வழி கண்டது நம் கோலாலம்பூர் என்பது பலருக்குத் தெரியாது. 1985ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிங் லீ தலைமையில் ஆறு மாதப் பயிற்சி தொடங்கியது. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் ஆதரவளித்தது. அப்துஸ் சலாம் இத்தாலியில் நிறுவிய அனைத்துலகக் கோட்பாட்டு இயற்பியல் மையமும் கைகொடுத்தது. இந்தோனேசியா, இந்தியா, பாகிஸ்தான், எகிப்து, சியரா லியோன் எனப் பல நாட்டவர் வந்தார்கள். அவர்கள் பாடம் கேட்டதோடு நிற்கவில்லை. கருவியைத் தாங்களே கட்டினார்கள். நாட்டுக்கும் கொண்டு சென்றார்கள்.

அதுதான் பிளாஸ்மா ஃபோகஸ். சோவியத் நாட்டில் பிலிப்போவும் அமெரிக்காவில் மேதரும் தனித்தனியே உருவாக்கிய முறை அது. பெரிய ஆய்வுக்கூடங்களில் மின்தேக்கிகளை வரிசை வரிசையாக அடுக்குவார்கள். இங்கே ஒன்றே ஒன்று: 30 மைக்ரோஃபாரட், 15,000 வோல்ட். பேராசிரியரின் சாமர்த்தியம் இந்தச் சிக்கனத்தில்தான் இருக்கிறது என்பேன்.

அதில் சேரும் ஆற்றல் சுமார் 3,400 ஜூல். ஒரு குவளைத் தண்ணீரை 4 பாகை சூடாக்கலாம், அவ்வளவே. தேநீருக்குக்கூட ஆகாது! ஆனால், அதே ஆற்றல் தீப்பொறி விசை வழியே சுமார் மூன்று மைக்ரோ வினாடிக்குள் பாயும்போது, மின்னோட்டம் ஒன்றரை இலட்சம் ஆம்பியரைத் தாண்டுகிறது. அந்த மின்னோட்டத்தின் காந்த விசையே வாயுவைக் குழாய் முனைக்குத் தள்ளி, ஊசிபோல் நெருக்குகிறது. வெப்பம் ஒரு கோடி பாகை அளவுக்கு ஏறுகிறது. டியூட்டீரியம் நிரப்பினால் அணுக்கரு இணைவு நடந்து, ஒரே வெடிப்பில் சுமார் 10 கோடி நியூட்ரான்கள் வெளிவருகின்றன. சூரியனுக்குள் நடப்பதன் உறவுக்கார வினை, மேசையளவுக் கருவியில்!

1988இல் ஆசிய ஆப்பிரிக்கப் பிளாஸ்மா பயிற்சிச் சங்கம் உருவானது. சிங் லீ பின்னர் சிங்கப்பூரிலும் பணியைத் தொடர்ந்தார். அதே 1988இல் இக்கருவியைப் பற்றிய கட்டுரை அமெரிக்க இயற்பியல் இதழில் வெளிவந்தது. ஆசிரியர் வரிசையில் பேராசிரியர் பெயரோடு, பயிற்சிக்கு வந்தவர்களின் பெயர்களும் அச்சாகியிருந்தன.