மின்சாரம் இல்லாத மூன்று மாதங்கள்

2019 ஜனவரி 31ஆம் தேதியோடு ‘தமிழ் நேசன்’ நின்றது. 1924இல் தொடங்கிய நாளிதழ். நாமெல்லாம் வருத்தப்பட்டோம், எழுதினோம். அதே ஆண்டில் கிள்ளான் பள்ளத்தாக்கில் முடிவுக்கு வந்த இன்னொன்றைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. பெட்டாலிங் ஜெயா சுங்கைவேயில் இருந்த தன் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையை 2019 முடிவதற்குள் மூடப்போவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் 2018 ஜூலையில் அறிவித்தது. காரணமும் சொன்னது. ஹார்ட் டிஸ்குக்கான தேவை குறைந்துகொண்டே போகிறது, பினாங்கில் எஸ்எஸ்டி தயாரிப்பைப் பெருக்குகிறோம் என்று.

இந்த இரண்டு செய்திகளும் போன வருஷம் ஒரே வேலையாக என்னிடம் வந்து சேர்ந்தன. பிரிக்பீல்ட்ஸில் பழைய மலேசியத் தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து சேர்க்கும் நண்பர்கள் சிலர் ஒரு சிறிய சர்வர் வைக்க நினைத்தார்கள். எந்த எஸ்எஸ்டி வாங்கலாம் என்று என்னைக் கேட்டார்கள். அவர்களில் மூத்தவர், “தம்பி, பெரிய கம்பெனிங்க வாங்குறதையே வாங்கிடுவோம். ஒரு தடவ செலவு பண்ணா பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் இருக்கணும்” என்றார். நியாயமான ஆசை. ஆனால் எஸ்எஸ்டியின் வரலாறு அந்த ஆசைக்கு நேர் எதிரான திசையில் போகிறது.

முதலில் சுங்கைவே. தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் 1971இல் வந்தது. அடுத்த ஆண்டே பினாங்கில் பாயான் லெப்பாஸ், இங்கே சுங்கைவே என்று மின்னணுத் தொழிற்சாலைகள் முளைத்தன. தோட்டத்தில் பிறந்த பெண்கள் பால்வாளியை வைத்துவிட்டு பேக்டரி பஸ் ஏறிய காலம். என் பெரியம்மாவும் கிள்ளானிலிருந்து அப்படித்தான் சுங்கைவேக்கு ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போனார். “தலைய மூடி, வாய மூடி, கண்ணு மட்டுந்தான்டா வெளிய தெரியும். பவுடர் போட்டு வந்தா உள்ள விடமாட்டாங்க” என்பார். ஹார்ட் டிஸ்கில் சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான். முகப்பவுடரின் ஒரு துகள் அங்கே பாறாங்கல். தோட்டத்தைப் பற்றி நம் இலக்கியத்தில் எவ்வளவோ இருக்கிறது. அந்தச் சுத்த அறைகளைப் பற்றி எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. இது ஒரு புகார்தான்.

எஸ்எஸ்டியின் வேர் வேறு இடத்தில். தோஷிபாவில் வேலை செய்த புஜியோ மசுவோகா 1984இல் ப்ளாஷ் நினைவகத்தை அறிமுகப்படுத்தினார். இன்று எல்லா எஸ்எஸ்டிக்குள்ளும் இருக்கும் நேண்ட் வடிவம் 1987இல் வந்தது. ஒரு பகுதி மொத்தமும் ஒரே நொடியில் அழிவதைப் பார்த்து, கேமரா ப்ளாஷ் மாதிரி இருக்கிறதே என்று சக ஊழியர் ஷோஜி அரியிசுமி வைத்த பெயர் அது. கவனியுங்கள், அழிப்பதிலிருந்து வந்த பெயர். (மசுவோகா தனக்குரிய பங்கைக் கேட்டு 2004இல் தோஷிபா மீது வழக்குப் போட்டார். 2006இல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்குச் சமரசம் ஆனது.)

ஹார்ட் டிஸ்க் தகவலைக் காந்தமாக வைத்திருக்கிறது. ப்ளாஷ் அதை எலக்ட்ரான்களாகச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்து வைக்கிறது. அடைக்கும்போதும் வெளியேற்றும்போதும் எலக்ட்ரான்கள் ஒரு மெல்லிய காப்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகின்றன. சுவர் தேய்கிறது. அறைக்கு ஒரு பிட் வைத்த காலத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை எழுதி அழிக்கலாம். மலிவாக்குவதற்காக மூன்று பிட் வைத்தார்கள், கணக்கு சில ஆயிரங்களுக்கு இறங்கியது. தேய்ந்த சுவர் வழியாக எலக்ட்ரான் கசியும். வெயில் ஊரில் இன்னும் வேகமாகக் கசியும்.

1991இல் சான்டிஸ்க் விற்ற எஸ்எஸ்டியின் கொள்ளளவு 20 மெகாபைட், விலை ஏறக்குறைய 1,000 டாலர். 2008 ஜனவரியில் ஈஎம்சி நிறுவனம் தன் பெரிய சேமிப்பு இயந்திரங்களில் ப்ளாஷைப் பொருத்தியபோதுதான் ‘என்டர்பிரைஸ்’ என்ற அடைமொழி அதற்கு நன்றாக ஒட்டிக்கொண்டது. வாங்கியவர்களுக்கு வேண்டியிருந்தது வேகம். நொடிக்கு ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகள், இராப்பகலாக. 2016இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் சான்டிஸ்கை வாங்கியது. சுங்கைவே அறிவிப்பு வர அதற்குப் பிறகு இரண்டே வருஷம்தான்.

ஆகவே இந்தத் தரத்தை அளக்கும் கோலும் எழுத்தின் கோல். நாளொன்றுக்கு முழு டிஸ்கையும் எத்தனை முறை எழுதலாம்? ஒன்று, மூன்று, பத்து என்று விலை ஏறும். 3.84 டெராபைட் எஸ்எஸ்டி, நாளுக்கு ஒரு முறை, ஐந்து வருஷ உத்தரவாதம் என்றால் மொத்தம் 7,008 டெராபைட் எழுதலாம். நண்பர்களின் கணக்கைப் போட்டேன். ஏ4 பக்கத்தை 600 டிபிஐ வண்ணத்தில் சுருக்காமல் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 104 மெகாபைட். 40 பக்க இதழ் 4 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். ஐந்நூறு இதழ்கள் சேர்ந்தாலும் 2 டெராபைட்தான். அரை நூற்றாண்டு இலக்கியம் அந்த டிஸ்கின் ஒரு நாள் ஒதுக்கீட்டில் பாதியைத் தின்றுவிட்டு உட்கார்ந்துவிடும். மூன்றுக்கும் பத்துக்கும் காசு கொடுப்பது வீண்.

இன்னொரு விஷயம் அவர்களை உண்மையிலேயே அதிர வைத்தது. ஜெடெக் வகுத்த தரத்தில், அனுமதித்த அளவு முழுவதையும் எழுதித் தீர்த்த எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் எவ்வளவு காலம் தகவலைக் காக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. வீட்டுக் கணினி ரகத்துக்கு 30 டிகிரியில் ஒரு வருஷம். என்டர்பிரைஸ் ரகத்துக்கு 40 டிகிரியில் மூன்று மாதம். புதிய டிஸ்க் இதைவிட நெடுநாள் தாங்கும், பயப்பட வேண்டாம். இருந்தாலும் எதற்காகச் செய்த பொருள் என்று அந்த விதியே சொல்லிவிடுகிறது. வங்கி சர்வரை யாரும் அணைப்பதில்லை. இலக்கிய அமைப்பின் சர்வர் வாடகை பாக்கியிலோ செயலாளர் மாறும்போதோ அலமாரிக்குப் போய்விடும்.

“அப்ப இதுக்கு எதுக்கு தம்பி இவ்ளோ வெல?” என்றார் மூத்தவர். ஒரு காரணம் உண்டு. நல்ல சர்வர் எஸ்எஸ்டிகளில் சின்ன மின்தேக்கிகள் இருக்கும். திடீரென்று கரண்ட் போனால், இன்னும் ப்ளாஷில் இறங்காத தகவலை இறக்கி முடிக்கிற அளவுக்கு அவை மின்சாரம் கொடுக்கும். மழைக்கால மாலையில் இடி விழுந்தால் டிரிப் ஆகிற பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடிக்கு அது வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரே மாதிரி இரண்டு வாங்கி ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதினால் போதுமே என்றார் இன்னொருவர். 2019 நவம்பரில் ஹெச்பிஈ தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. சில எஸ்ஏஎஸ் ரக எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரத்தில், உள்மென்பொருள் கோளாறால் செத்துவிடும், தகவலையும் மீட்க முடியாது, உடனே மென்பொருளைப் புதுப்பியுங்கள் என்று. இரண்டைப் பதினைந்து தடவை பெருக்கினால் வரும் எண் அது. ஒரே நாளில் மாட்டிய இரட்டைகள் ஒரே மணியில் போயிருக்கும்.

கடைசியில் வாசிப்புக்கென்று செய்த, மின்தேக்கி உள்ள, நாளுக்கு ஒரு முறை ரகம் இரண்டு வாங்கினோம், வேறு வேறு தயாரிப்பு. மிச்சப்பட்ட வெள்ளியில் இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்குகள். ஒன்று பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. மற்றது கிள்ளானில் ஒரு நண்பர் வீட்டில், ஆறு மாதத்துக்கு ஒரு முறை இணைத்து எல்லாக் கோப்புகளையும் சரிபார்ப்பதாக ஏற்பாடு. முதல் தடவை சரிபார்த்தோம், எல்லாம் இருக்கிறது. அடுத்தது தைப்பூச விடுமுறையில்.