காலியாகக் கிடந்த 11 பக்கங்கள்

மலர்க்குழு நண்பன் போன் செய்தான். "ரெண்டு பக்கம் காலியா இருக்குடா, ஏதாவது எழுதிக் குடு!" எனக்குச் சிரிப்பு வந்தது. இதே கஷ்டம் 1904 கடைசியில் வாஷிங்டனில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கும் வந்தது. அவருக்கு 11 பக்கம்!

நம் காலேஜ் லைப்ரரியில் மஞ்சள் முதுகு தெரிய அடுக்கியிருக்குமே, 'நேஷனல் ஜியாகிராஃபிக்', ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பத்திரிகைதான். டெஸ்டுக்குப் படிக்கப் போய்விட்டு, அதைப் புரட்டிவிட்டு வந்தவர்களில் அடியேனும் ஒருவன். அதற்குப் பின்னால் ஒரு சங்கம் இருப்பது அப்போது தெரியாது.

1888 ஜனவரி 13 அன்று, வாஷிங்டன் காஸ்மாஸ் கிளப்பில் 33 பேர் கூடி அந்தப் புவியியல் சங்கத்தைத் தொடங்க முடிவு செய்தார்கள். முதல் தலைவர் கார்டினர் ஹப்பார்ட் ஒரு வக்கீல். அதே ஆண்டு அக்டோபரில் பத்திரிகை வந்தது. ஆனால் நிபுணர்கள் நிபுணர்களுக்காக எழுதினார்கள். மற்றவர்கள் யார் படிப்பார்கள்? சங்கம் கடனில் விழுந்தது.

ஹப்பார்டின் மருமகன், டெலிபோன் புகழ் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், 1898-ல் தலைவரானார். மறுவருஷம் கில்பர்ட் குரோவ்னர் என்ற 23 வயது இளைஞரை வேலைக்கு எடுத்தார். சம்பளம் பெல்லின் சொந்தப் பாக்கெட்டிலிருந்து! சாதாரண மனிதனும் சந்தா கட்டி உறுப்பினராகலாம், அவனுக்குப் புரிகிற மாதிரி பத்திரிகை இருக்க வேண்டும் என்பதே இருவரின் எண்ணம்.

அந்தக் குரோவ்னருக்குத்தான் 11 பக்கம் காலி. அப்போது ரஷ்யப் புவியியல் சங்கம் அனுப்பிய கவர் ஒன்று வந்து சேர்ந்தது. உள்ளே, வெளியுலகம் அதிகம் பார்த்திராத திபெத்தின் லாசா நகரப் புகைப்படங்கள். அத்தனை பக்கத்திலும் படங்களைப் போட்டார். வேலை போய்விடும் என்று பயந்தாராம், கிடைத்ததோ பாராட்டு! 1905 முடிவதற்குள் உறுப்பினர்கள் 10,000-ஐத் தாண்டினார்கள்.

அந்தச் சந்தாப் பணம் பெருகித்தான் 1912-ல் மச்சு பிச்சு அகழாய்வுக்கும், பிறகு ஜேன் குடாலின் சிம்பன்ஸி ஆய்வுக்கும் உதவியது. தவறுகளும் நடந்தன. 1909-ல் பியரி வட துருவத்தைத் தொட்டதாகச் சொன்னதை ஆதரித்த சங்கம், 1988-ல் அதைச் சந்தேகிக்கும் கட்டுரையைத் தன் பத்திரிகையிலேயே வெளியிட்டது. பழைய இதழ்களில் இனவெறி இருந்ததை 2018-ல் அதன் ஆசிரியரே ஒப்புக்கொண்டு எழுதினார். பெரிய மனசு வேண்டும் சார் அதற்கு!

2019 முதல் பத்திரிகையில் பெரும்பங்கு டிஸ்னி வசம். ஆனாலும் சங்கம் லாபநோக்கமின்றி ஆய்வு மானியம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

நம் சங்கத்திலும் கூட்டத்துக்கு வருவது அதே பத்து முகங்கள்தான். ரேங்க் வாங்கியவன், பெரிய பதவியில் இருப்பவன் மட்டும் பேசினால் மற்றவன் ஏன் வருவான்? நண்பர்களே, அரியர் வைத்தவனையும் கூப்பிடுங்கள். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் ஹாஸ்டல் போட்டோக்களை அனுப்புங்கள். அடுத்த மலரில் 11 பக்கம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்!