குரலும் மதிப்பீடும்: மொழி மனப்பாங்கை அளந்த ஒரு சோதனையின் வரலாறு

சமூக உளவியலின் அடிப்படைக் கருத்தாக்கங்களுள் ஒன்று மனப்பாங்கு. ஒரு பொருளையோ மனிதரையோ குழுவையோ விருப்புடன் அல்லது வெறுப்புடன் மதிப்பிடும் மனச்சார்பை அது குறிக்கும். புலப்படாத இச்சார்பை எங்ஙனம் அளப்பது என்பது இத்துறையின் தொடக்ககால வினாக்களுள் முதன்மையானது. மனப்பாங்கை அளக்க இயலும் என 1928இல் தர்ஸ்டன் வாதிட்டார். கூற்றுகளுக்கு உடன்பாடு, உடன்பாடின்மை என்னும் படிநிலைகளில் விடை பெறும் அளவுகோலை 1932இல் லிக்கர்ட் அமைத்தார். வினவப்படுவோர் தம் மனத்தை அறிந்து உள்ளவாறே உரைப்பர் என்பது இவ்வகை முறைகளின் எடுகோள்.

1934இல் வெளிவந்த லாபியரின் கட்டுரை இவ்வெடுகோளை ஐயத்திற்கு உள்ளாக்கியது. சீன இணையர் ஒருவருடன் அமெரிக்காவில் பயணம் செய்த அவர், 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்றில் மட்டுமே மறுப்பைச் சந்தித்தார். பின்னர், சீனரை ஏற்பீர்களா என மடல்வழி வினவியபோது, விடையளித்த 128 நிறுவனங்களுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை மறுத்தன. மடலுக்கு விடையெழுதியவரும் வாயிலில் வரவேற்றவரும் ஒருவர்தாமா என்னும் தடை பின்னர் எழுந்தது. எனினும், நேரடி வினாவிற்குக் கிடைக்கும் விடையை மட்டும் நம்புதல் போதாது என்பது தெளிவாயிற்று.

மொழியைப் பற்றிய மனப்பாங்கில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது. தாய்மொழியை இழிவாகக் கருதுவதாக வெளிப்படையாகக் கூறுவோர் அரியர். இதற்கு ஒரு மறைமுக வழியைக் கண்டவர் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் லாம்பர்ட். அவரும் உடனாய்வாளர்களும் 1960இல் வெளியிட்ட சோதனையில், இருமொழியாளர் நால்வர் ஒரே உரைப்பகுதியைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் படித்தனர். இவற்றுடன் வேறு இருவரின் குரல்களும் கலந்து ஒலிக்கப்பட்டன. மான்ட்ரியல் நகரின் மாணவர்கள், ஆங்கிலம் பேசுவோர் 64 பேரும் பிரெஞ்சு பேசுவோர் 66 பேரும், பேசுவோரின் அறிவு, நம்பகம், பரிவு, உயரம் முதலிய 14 பண்புகளைக் குரலைக்கொண்டு மதிப்பிட்டனர். ஒருவரையே இருமுறை கேட்கின்றனர் என்பதை அவர்கள் அறியார். ஆகவே, ஒருவரின் இரு குரல்களுக்கும் கிடைத்த மதிப்பின் வேறுபாட்டிற்கு மொழியே காரணம் எனக் கொள்ளப்பட்டது.

'மேட்ச்டு கைஸ்' எனப்படும் இதனை 'ஒத்த வேட முறை' எனலாம். ஆயினும் இதில் நடிப்பு இல்லை. பேசுவோர் தம் இரு மொழிகளையே பேசினர். வேடம் கேட்போர் மனத்தில் தோன்றுவது.

முடிவு எதிர்பாராதது. ஆங்கில மாணவர் 7 பண்புகளில் ஆங்கிலக் குரல்களை உயர்வாக மதித்தனர். பிரெஞ்சு மாணவரோ 10 பண்புகளில் ஆங்கிலக் குரல்களையே உயர்த்தினர். சமயப்பற்று, பரிவு ஆகிய இரண்டில் மட்டும் தம் மொழிக்குரல்களுக்கு ஏற்றம் தந்தனர். ஆதிக்கம் பெற்ற குழு தன்னைப்பற்றிக் கொண்ட உயர்வெண்ணத்தை மற்றக் குழுவும் தனதாக்கிக்கொண்டிருந்தது. உயரம் போன்ற உடற்கூறும் குரலின் மொழியால் கூடிக் குறைந்தது என்பது கருதத்தக்கது.

இச்சோதனையின் அடித்தளம் மொழிபெயர்ப்பு என்பது பெரிதும் பேசப்படுவதில்லை. மூல உரை பிரெஞ்சு. படிக்கப்பட்ட ஆங்கிலம் அதன் மொழிபெயர்ப்பு. அவ்வாங்கிலம் சற்றே செயற்கையாக அமைந்திருப்பின், மாணவர் மதிப்பிட்டது மொழியையா மொழிபெயர்ப்பையா எனப் பிரித்தறிதல் இயலாது. எழுதியதைப் படிக்கும் குரல் உரையாடும் குரலாகாது என்பதும் இம்முறையின் வரம்பு.

1977இல் கியூபெக்கின் 101ஆம் சட்டம் பிரெஞ்சின் நிலையை வலுப்படுத்தியது. 1989இல் ஜெனிசீ, ஹோலொபோ ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் கியூபெக் பிரெஞ்சின்பால் நெருக்க உணர்வு கூடியிருந்தது. ஆனால் சமூகத் தகுதி தொடர்பான பண்புகளில் ஆங்கிலமே மேலோங்கி நின்றது. சட்டம் ஒரு மொழிக்கு இடமளிக்கலாம். அம்மொழியைக் கேட்கும் செவி மாறுவதற்கு மேலும் காலம் வேண்டும்.