மாடர்ன் தியேட்டர்ஸ்

மாடர்ன் தியேட்டர்ஸ், சேலம் – ஏற்காடு சாலையில் இயங்கிய திரைப்படத் தயாரிப்பு நிறுவனமும் படப்பிடிப்புத் தளமும் ஆகும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்ற டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் இதனை நிறுவினார். முதல் தயாரிப்பு ‘சதி அகல்யா’ (1937).

புதிய தொழில்நுட்பங்களைத் துணிந்து கையாண்டதே இதன் தனிச்சிறப்பு. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), மலையாளத்தின் முதல் வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961) ஆகியவை இந்நிறுவனத்தின் தயாரிப்புகள். ‘உத்தமபுத்திர’னில் (1940) பி. யு. சின்னப்பா இரட்டை வேடமேற்றார். அக்காலத்தில் இத்தகைய காட்சிகளுக்குக் கேமரா லென்சின் ஒரு பாதியை மறைத்துப் படம்பிடிப்பர். பிறகு ஃபிலிம் சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியில் அதே நடிகரை மீண்டும் பதிவுசெய்வர். கேமரா இம்மியும் அசையலாகாது.

சமகால நிகழ்வுகளுக்கும் சமூக விமர்சனத்துக்கும் இங்கு இடமிருந்தது. போர்க்காலப் படமான ‘பர்மா ராணி’யில் (1945) ஜப்பானியத் தளபதியாகச் சுந்தரமே நடித்தார். மு. கருணாநிதி வசனம் எழுதிய ‘மந்திரிகுமாரி’ (1950), ராஜகுருவின் பாத்திரம் வழியாக மத அதிகாரத்தைச் சாடியது. இந்நிறுவனத்தின் படைப்புகளில் சமூக விமர்சனம் கூர்மையாக வெளிப்பட்டது இதில்தான்.

சுந்தரம் 1963இல் மறைந்தபின் அவர் மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படங்களைத் தயாரித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த இத்தளத்தின் நுழைவு வளைவு மட்டுமே இன்று எஞ்சியுள்ளது.