தம்பானூரில் திருகி ஏறும் காப்பிக் கடை

திருவனந்தபுரம் சென்ட்ரலில் ரயில் இறங்கி வெளியே வந்தால், தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு செங்கல் கட்டடம் திருகிக்கொண்டு மேலே ஏறுவது கண்ணில் படும். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். உள்ளே படிக்கட்டு கிடையாது. தனித்தனி மாடிகளும் கிடையாது. நடுவட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஒரே சரிவுத் தளம். மேசையும் பெஞ்சும் வெளிச்சுவரோடு சேர்த்தே கட்டியவை. சுவரில் விட்ட ஓட்டைகள் வழியாகக் காற்றும் வெளிச்சமும் வரும், கூடவே பஸ் ஹாரனும். விசிறித் தலைப்பாகை வைத்த ஊழியர் காப்பித் தட்டோடு அந்தச் சரிவில் நாள் முழுக்க ஏறி இறங்குகிறார்.

இந்தியன் காபி ஹவுஸ்களின் பூர்வீகம், விலை போகாத காப்பிக் கொட்டை. 1930களின் உலக மந்தத்தில் ஏற்றுமதிச் சந்தை படுத்துவிட்டது. உள்ளூர்க்காரர்களைக் குடிக்க வைத்தால்தான் தோட்டம் பிழைக்கும். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த காப்பித் தீர்வைக் குழு, 1936இல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் கடையைத் திறந்தது. பின்னால் வந்த காப்பி வாரியம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஜனங்களுக்கு ஒரு பழக்கத்தை உண்டாக்க அரசாங்கமே கடை போட்ட கதை இது.

அந்த வேலையில் பாதியை உடம்பே செய்து கொடுத்தது. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே போகும். அதற்கென்று உள்ள ஏற்பிகளில் போய் உட்கார உட்காரக் கண் சொருகும். காஃபீனுக்கும் அதே ஜாடை. முந்திக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் தூங்கச் சொல்லாது. களைப்பு அப்படியேதான் இருக்கிறது. சேதி மட்டும் போய்ச் சேரவில்லை. நாள் தவறாமல் குடிப்பவரின் மூளை இந்த ஏமாற்றுக்குப் பழகிக்கொள்கிறது. பிறகு ஒரு வேளை காப்பி தப்பினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி. விளம்பரத்துக்கு இதைவிடப் பெரிய ஏஜென்ட் யார்?

பழக்கம் ஊன்றியதும் வாரியத்துக்குக் கடைகள் பாரமாகிவிட்டன. 1950களில் ஒவ்வொன்றாக மூடி, ஊழியர்களை வெளியே அனுப்பியது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், கடைகளைத் தொழிலாளர்களே கூட்டுறவாக எடுத்து நடத்தட்டும் என்றார். 1957இல் பெங்களூரில் முதல் சங்கம் உருவானது. கேரளத்தில் இதற்காக அலைந்தவர், வாரியத்தில் வேலை இழந்த தொழிற்சங்கக்காரர் என்.எஸ். பரமேஸ்வரன் பிள்ளை. 'காபி ஹவுஸ் பிள்ளை' என்றே அவருக்குப் பெயர் நின்றுவிட்டது. 1958 மார்ச் 8இல் திருச்சூரில் முதல் கடையைத் திறந்துவைத்தவர் ஏ.கே. கோபாலன்தான். தட்டு ஏந்தியவரே பங்குதாரர்.

கும்பகோணம் டிகிரி காப்பியில் வளர்ந்த நாக்கு இங்கே கொஞ்சம் ஏமாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடையின் புகழில் பாதி கட்லெட்டுக்கும், மசால் தோசைக்குள் சிவந்து கிடக்கும் பீட்ரூட்டுக்கும் சேரும். அந்தக் கட்லெட்டையும் காப்பியையும் சேர்த்துச் சாப்பிடுவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ரசிக்காது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பி, டீ வேண்டாம், உணவின் இரும்புச் சத்து உடம்பில் சேராமல் போகும் என்கிறது அதன் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி. 150 மில்லி டிகாக்‌ஷன் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன். ஒரு நாளைக்கு 300க்கு மேல் கூடாது என்பதும் அதன் கணக்கு.

காஃபீனைக் கரைப்பது கல்லீரல். புகை பிடிப்பவருக்கு அந்த வேலை ஏறக்குறைய இரட்டை வேகத்தில் நடக்கும். பொது இடங்களில் புகைப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 1999இல் தடுத்தது. அதைச் சாக்காக வைத்து சிகரெட்டை விட்ட காபி ஹவுஸ் அரட்டைக்காரர் யாராவது இருந்தால், அதே இரண்டு காப்பி தன்னை ஏன் ராத்திரியில் புரட்டி எடுக்கிறது என்று குழம்பியிருப்பார். கர்ப்பிணிகளுக்கோ நேர்மாறு: கடைசி மாதங்களில் காஃபீன் வெளியேறவே பல மடங்கு நேரம் பிடிக்கும்.

மற்றவர்களுக்குப் பாதி கரையச் சுமார் ஐந்து மணி நேரம். நாகர்கோவில் ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று சாயங்காலம் ஐந்து மணிக்குச் சரிவில் ஏறி ஒரு காப்பி குடித்தவர், வீடு போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, பத்து மணிக்கு விளக்கை அணைக்கும்போது தம்பானூரில் குடித்ததில் பாதி இன்னும் அவர் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.