மலட்டு நெல்லுக்கு மணி தந்த மரபணு

நெல் பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டுமே உண்டு. தன் மகரந்தத்திலேயே அது கருவுற்றுவிடும். பிறகு இரண்டு ரகங்களைக் கலந்து பெருமளவில் விதை எடுப்பது எப்படி? சீனாவின் ஹுனான் மாகாணத்தில் யுவான் லோங்பிங் 1964-ல் இதற்கான தேடலைத் தொடங்கினார். மகரந்தம் மலடான செடி கிடைத்தால், பக்கத்து ரகத்தின் மகரந்தத்தில் அது கருவுறும் அல்லவா?

1970 நவம்பரில் ஹைனான் தீவில் அவருடைய மாணவர் லி பிஹு அப்படிப்பட்ட காட்டு நெல் ஒன்றைக் கண்டார். ஆனாலும் சிக்கல் தீரவில்லை. இந்த மலட்டுத்தன்மை தாய்வழியாக விதைக்கும் வந்துவிடும். அதை வாங்கி விதைக்கும் விவசாயிக்கு மிஞ்சுவது பதர்தான்!

ஆகவே, மலட்டுத்தன்மையைப் போக்கும் மரபணு தந்தை ரகத்தில் இருந்தாக வேண்டும். பல ரகங்களைச் சோதித்த பிறகு 1973-ல் அது கிடைத்தது. கைகொடுத்தவற்றில் முக்கியமானது ஐ.ஆர்.24. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம் அது. 1976 முதல் சீனாவில் வீரிய ஒட்டு நெல் பெருமளவில் பயிரானது.

இந்த வேலையைச் செய்யும் முக்கிய மரபணுக்கள் இரண்டு என்பது பின்னாளில் தெரிந்தது. ஒன்று 1-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, மற்றது 10-ஆம் குரோமோசோமில். மலட்டுச் செடி கிடைத்த கதையைத்தான் பலரும் சொல்வார்கள். ஆனால் விவசாயியின் களத்தில் நெல் குவியக் காரணம் இந்த மரபணுக்களே.